ஹட்டன் கடையில் டிக்கெட் விலை எப்படிக் குறைகிறது?

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மாமா எங்கள் விமான டிக்கெட் கடைக்கு வந்தார். ஒரு கையில் மகனுடைய போன், மற்றக் கையில் நான் முதல் நாள் எழுதிக் கொடுத்த துண்டு. போனில் விமானக் கம்பெனியின் வெப்சைட், திருச்சி போய்வர ஒரு ஆளுக்கு 92,000 ரூபாய் என்று காட்டுகிறது. என் துண்டில் 86,000. "தம்பி, பிளேன் ஓட்டுறவனே 92 சொல்றான், நீங்க 86க்கு குடுக்குறீங்க. இது டிக்கெட்டுதானா, இல்ல கட்டுநாயக்கா ஏர்போட்டுல என்னைய பொட்டியோட ஒக்கார வச்சிருவீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2006இல் இந்த வேலைக்கு வந்தேன், இத்தனை வருஷத்தில் இதைக் கேட்காமலேயே காசைக் கட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். மாமாவுக்கு அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட் அசல்தான். ஆனால் நான் அதை விமானக் கம்பெனியிடம் வாங்கவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்குகிறேன், அவர் கம்பெனியிடம் வாங்குகிறார். தொழிலில் அவருக்குப் பெயர் கன்சாலிடேட்டர். வாயில் நுழையாத பெயர், கடையில் நாங்கள் 'கொழும்பு ஆபீஸ்' என்று மட்டும் சொல்லிக்கொள்வோம். விலை குறைவதற்கும் அவர்தான் காரணம், அப்புறம் ஏதாவது சிக்கல் வந்தால் உங்களுக்குத் தலை சுற்றுவதற்கும் பெரும்பாலும் அவர்தான் காரணம்.

கம்பெனி ஏன் அவருக்குக் குறைத்துக் கொடுக்கிறது? நுவரெலியாவில் லீக்ஸ் போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். லொறி இரவோடு இரவாக தம்புள்ளைக்குப் போய்ச் சேரும்போது அங்கே சரக்கு குவிந்து கிடந்தால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், திருப்பிக் கொண்டுவந்தால் டீசல் காசும் போச்சு. தேயிலை என்றால் பரவாயில்லை, இந்த வார ஏலத்தில் போகாவிட்டால் அடுத்த வாரம் போகும். விமான சீட் லீக்ஸைவிட மோசமான சரக்கு. கதவைச் சாத்தும் நிமிஷத்தில் காலியாக இருக்கிற சீட் அதோடு செத்தது, வாடின லீக்ஸை மாட்டுக்காவது போடலாம்.

அப்படியென்றால் வெப்சைட்டிலேயே விலையைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் 92,000 கொடுக்கத் தயாராக இருக்கிறவரும் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார். நாளைக்கே போக வேண்டியவர், ஆபீஸ் காசில் பறக்கிறவர், இவர்களிடம் கிடைக்கிற பணத்தை எந்தக் கம்பெனியும் விடாது. போட்டிக் கம்பெனியும் அந்த விலையைப் பார்த்துவிட்டுத் தானும் இறக்கும். அதனால் வெளிவிலையை அப்படியே வைத்துவிட்டு, நிறைய சீட் விற்றுக் கொடுப்பேன் என்று ஒப்பந்தம் போட்ட சிலருக்கு மட்டும் பின்பக்கமாக ஒரு அடிவிலை கொடுக்கும். அதுதான் நெட் ஃபெயார். அதற்குமேல் எவ்வளவு வைத்து விற்பது என்பது பெரும்பாலும் வாங்கினவர் பாடு, ஆனால் அந்த அடிவிலையை ஊருக்குக் காட்டக் கூடாது. இப்படிப் போட்ட டிக்கெட் சிலவற்றில் விலை இருக்க வேண்டிய இடத்தில் தொகைக்குப் பதிலாக 'ஐ.டி.' அல்லது 'பி.டி.' என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். "விலையே இல்லாத டிக்கெட் குடுத்துட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை இல்லாமல் இல்லை, மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாமாவின் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம், எண்களை விளங்குவதற்காக ரவுண்டாகச் சொல்கிறேன். வெளிவிலை 92,000. கொழும்பு ஆபீஸுக்கு வரிகள் எல்லாம் சேர்த்து 80,000. அவர் 2,000 வைத்து எனக்கு 82,000. நான் 4,000 வைத்து மாமாவுக்கு 86,000. கம்பெனிக்கு ஒரு சீட் நிரம்பியது, மாமாவுக்கு 6,000 மிச்சம், நடுவில் இருவருக்கும் கூலி. என் 4,000த்தில் கடை வாடகை, கரண்ட், சம்பளம், அப்புறம் மாமா ராத்திரி பத்து மணிக்கு "தம்பி, எத்தனை கிலோ கொண்டுபோகலாம்" என்று எடுக்கிற கோல், எல்லாம் அடங்கும்.

கொழும்பு ஆபீஸ் 2,000த்துக்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று எனக்கே ஆரம்பத்தில் விளங்கவில்லை. அவருடைய லாபம் அந்த 2,000த்தில் மட்டும் இல்லை. இந்த வருஷம் இத்தனை சீட், இவ்வளவு பணத்துக்கு விற்றால் மேலே இத்தனை சதவீதம் என்று கம்பெனி தனியாக ஒரு இலக்கு வைத்திருக்கும். இலக்குக்குக் கொஞ்சம் குறைகிறது, கணக்கு முடிகிற தேதி நெருங்குகிறது என்றால், வாங்கின விலைக்கே, சில சமயம் அதற்குக் கீழேகூட தள்ளிவிடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் வாட்ஸப்பில் விலை கொட்டும். காரணம் தெரியாத ஆள், "நேத்து வாங்கினவனுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையா" என்று கடைக்காரனைத் திட்டுவார்.

சரி, நானே நேராகக் கம்பெனியிடம் வாங்கினால் என்ன? அங்கேதான் ஐயாட்டா வருகிறது. 1945இல் தொடங்கிய விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கம் அது. அதன் அங்கீகாரம் உள்ள ஏஜென்ட்தான் பெரிய கம்பெனிகளின் டிக்கெட்டைத் தன் பெயரில் வெளியிடலாம். வெளியிட்ட டிக்கெட்டுகளுக்கான பணத்தை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகக் கட்டுவதில்லை, பி.எஸ்.பி. என்ற பொதுக் கணக்கு ஒன்று இருக்கிறது, 1971இல் ஜப்பானில் ஆரம்பித்த முறை. தவணைத் தேதியில் மொத்தத் தொகையையும் அதில் கட்டியே ஆக வேண்டும். அதற்காக முன்கூட்டியே பேங்க் கேரண்டி வைக்க வேண்டும். மூன்று கதிரையும் ஒரு கம்ப்யூட்டரும் உள்ள மலைநாட்டுக் கடைக்கு அவ்வளவு பணம் எங்கே? அதனால் நாங்கள் சப் ஏஜென்ட். கொழும்பு ஆபீஸில் முற்பணமாக ஒரு தொகை போட்டு வைப்போம், டிக்கெட் போடப் போட அதிலிருந்து கழியும், தீர்ந்தால் மறுபடி பேங்குக்கு ஓட வேண்டும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் டிக்கெட் என்பது காகிதம். கொழும்பில் அடித்து, கவரில் போட்டு, ஹட்டன் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நான் ஸ்டாண்டில் போய் நின்று வாங்குவேன். ஒருமுறை பஸ் நோர்வூட்டுக்குப் போய்விட்டது, கவரும் போய்விட்டது, அன்றைக்கு எனக்கு வந்த காய்ச்சல் மறக்காது. 2008 ஜூன் முதல் ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்திவிட்டது, இப்போது எல்லாம் ஒரு நம்பர்தான்.

ஒரே கொழும்பு ஆபீஸை வைத்துக்கொண்டு கடை நடத்தவும் முடியாது. ஒருவருக்கு வளைகுடாப் பக்கம் நல்ல விலை கிடைக்கும், இன்னொருவருக்கு இந்தியா, வேறொருவருக்கு லண்டன், கனடா. மலையகத்தில் திருச்சிக்கும் சென்னைக்கும் எப்போதும் ஆள் உண்டு. மலையக ஆட்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு பிரிந்துபோன சொந்தம் கோத்தகிரியிலும் கூடலூரிலும் திருச்சிப் பக்கத்திலும் இருக்கிறது, கல்யாணம், சாவு, காதுகுத்து என்று போய்க்கொண்டே இருக்கிறோம். அதனால் நல்ல கடை என்றால் மூன்று நாலு இடத்தில் கேட்டுத்தான் விலை சொல்லும். விலை சொல்ல அரை மணி நேரம் எடுத்தால் கோபப்படாதீர்கள், அந்த நேரத்தில் உங்களுக்காகத்தான் போனில் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே பிளேனில், ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்து சீட்டுக்கு வேறு வேறு விலை என்பதும் பலருக்கு விளங்காத விஷயம். எக்கனமி என்று வெளியே ஒன்றுதான், உள்ளே அது பல எழுத்துகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு சட்டம். கீழ் எழுத்துச் சீட்டுகள் தீர்ந்ததும் அடுத்த எழுத்து திறக்கும், விலை ஏறும். இது போக குரூப் சீட் என்று ஒன்று. கொழும்பு ஆபீஸ் டிசம்பருக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் மாதக்கணக்கில் முன்னாடியே முப்பது நாற்பது சீட்டை அட்வான்ஸ் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். குறித்த தேதிக்குள் பெயர்களைக் கொடுத்துப் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைத் திருப்ப வேண்டும், நாள் கடந்தால் அட்வான்ஸ் போகும். அந்தத் தேதி நெருங்கும்போது மிஞ்சின சீட்டுகள் நல்ல விலைக்கு வெளியே வரும். எல்லா வருஷமும் வராது, அதை நம்பிக் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்காமல் இருக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு என்றே சில கம்பெனிகள் தனி விலை வைத்திருக்கும், லேபர் ஃபெயார் என்போம். ஒருவழி டிக்கெட்டே மலிவாகக் கிடைக்கும், சாமானும் கூடுதலாகக் கொண்டுபோகலாம். ஆனால் வேலை விசா உள்ளவருக்கு மட்டும். விசிட் விசாவில் போகிற ஆளுக்கு இதைப் போட்டு, கவுண்டரில் நிறுத்திவிட்டால் டிக்கெட் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும், நிற்கப் போவது மட்டும் நீங்கள். இப்படிச் சட்டம் மீறிப் போட்ட டிக்கெட்டைக் கம்பெனி பிறகு தணிக்கையில் பிடித்தால் ஏஜென்டுக்கு வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லி ஒரு ஏ.டி.எம்., அதாவது ஏஜென்சி டெபிட் மெமோ, அனுப்பும். காசு எடுக்கிற ஏ.டி.எம். இல்லை, காசைப் பிடுங்குகிற ஏ.டி.எம். மாதக்கணக்கு கழித்தும் வரும்.

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். ஒரு பொசன் போயா அன்று, எங்களிடம் டிக்கெட் எடுத்த நாலு பேர் குடும்பம் திருச்சிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பியது. இரவு முழுக்க மழை. விடிய ஐந்தரைக்கு அந்த அக்கா கோல் எடுத்தார், கினிகத்தேனை தாண்டி மண்சரிவு, முன்னால் வாகன வரிசை, வேன் நகரவில்லை. பிளேன் பத்து மணிக்கு. இன்னும் நாலரை மணி நேரம் இருக்கிறது. பிளேன் கிளம்புவதற்கு முன் சிஸ்டத்தில் பயணத்தை ரத்துச் செய்துவிட்டால் பல கம்பெனிகளில் 'நோ ஷோ', அதாவது சொல்லாமல் வராத ஆள் என்ற கணக்கு, ஆகாது, அபராதம் குறையும், அதைவிட முக்கியம், திரும்பி வருகிற டிக்கெட் தப்பிக்கும். போகிற பயணத்துக்கு ஆள் வரவில்லை என்றால் கம்பெனி வருகிற பயணத்தையும் சேர்த்து அழித்துவிடும், இது பலருக்குத் தெரியாது.

நான் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். புக்கிங்கைப் பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை. குரூப் சீட், கொழும்பு ஆபீஸின் பெயரில் உருவான புக்கிங், அவர்கள்தான் கை வைக்க முடியும். கம்பெனியின் கோல் சென்டருக்கு எடுத்தேன், "டிக்கெட் எடுத்த ஏஜென்டிடம் பேசுங்கள்" என்றார்கள். ஏஜென்ட் நான்தான் என்றேன். இல்லை, டிக்கெட்டில் இருக்கிற ஏஜென்ட் என்றார்கள். அந்த ஏஜென்டுக்கு எடுத்தால் ரிங் போகிறது, போகிறது, போகிறது. போயா லீவு. அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த நம்பரும் அணைத்துக் கிடந்தது. அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார், பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். பத்து மணி ஆனது. கொழும்பிலிருந்து பதில் வந்தது பகல் இரண்டு மணிக்கு, "சொறி அண்ணே, சிலென்ட்ல போட்டிருந்தேன்" என்று.

புது டிக்கெட் எடுத்து அடுத்த நாள் அனுப்பினோம், வித்தியாசத்தில் பாதியைக் கடை போட்டது. பழைய டிக்கெட்டில் திரும்பி வந்தது விமான நிலைய வரி மட்டும், அதுவும் ஆறு வாரம் கழித்து. ரீஃபண்ட் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், பணம் போன வழியேதான் திரும்பி வரும், கம்பெனியிலிருந்து பி.எஸ்.பி. கணக்குக்கு, அங்கிருந்து கொழும்பு ஆபீஸுக்கு, அங்கிருந்து எனக்கு, கடைசியாக உங்களுக்கு, ஒவ்வொரு படியிலும் ஒரு சேவைக் கட்டணம் கழியலாம். நீங்கள் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் அவர்கள் உங்கள் கையில் தரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் உங்களிடம் வாங்கவில்லை.

அந்த அக்காவின் அன்றைய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு லீவு நாளிலும் போன் எடுக்காத மொத்த வியாபாரியிடம், ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

இன்னொரு தலைவலி பெயர். நம் ஆட்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் இன்னொரு மாதிரி. அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டிக்கெட்டில் பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வெளிவிலை டிக்கெட்டில் ஒரு எழுத்துப் பிழையைச் சில கம்பெனிகள் சும்மா திருத்திக் கொடுக்கும், குரூப் விலையில் பெயர் கொடுத்து டிக்கெட் அடித்த பிறகு பல நேரம் புது டிக்கெட்தான். அதனால் போனில் பெயரை வாசித்துச் சொல்லாதீர்கள், பாஸ்போட்டின் படப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கடைக்காரர் டிக்கெட் அடிக்கும் முன் பெயரை உங்களிடம் காட்டவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

அப்புறம் டிக்கெட் உண்மையா என்ற மாமாவின் கேள்வி. கடைக்காரர் தருகிற ஆறு எழுத்து பி.என்.ஆர். என்பது புக்கிங் மட்டும், டிக்கெட் இல்லை. சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பணம் இன்னும் மேலே போகவில்லை என்றுகூட இருக்கலாம். குறித்த நேரத்துக்குள் டிக்கெட் அடிக்காவிட்டால் சிஸ்டம் தானாகவே அதைத் தூக்கிவிடும், அடிக்கும்வரை விலைக்கும் உத்தரவாதம் கிடையாது. 2022இல் டாலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது காலையில் ஒரு விலை சொல்லிவிட்டு மத்தியானம் வேறு விலை சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருந்தது. டிக்கெட் அடித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் 13 இலக்க நம்பர். முதல் மூன்று இலக்கம் கம்பெனியைச் சொல்லும், ஸ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் 176, கட்டார் 157. பட்ஜெட் விமானங்கள் சிலவற்றில் இந்த நம்பர் இருக்காது, பி.என்.ஆரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எதுவானாலும் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள், உங்கள் பெயரும் பயணமும் வருகிறதா என்று. கடைக்காரர் அனுப்பின பிடிஎஃப் அழகாக இருக்கிறது என்பதெல்லாம் ஒன்றுமில்லை, அதை எவரும் செய்யலாம். கடைக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் வேறு, அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கு, டிக்கெட் விற்பதற்கு அல்ல, இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

எப்போதும் கடையில் எடுப்பதுதான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன், கடைக்காரனாக இருந்தாலும். தேதி மாறலாம் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரி விஷயமாகப் போகிறீர்கள் என்றால், வித்தியாசம் இரண்டாயிரம் மூவாயிரம்தான் என்றால், நேராகக் கம்பெனியிடமே எடுங்கள், மாற்றுவதற்கு ஒரே ஒரு கதவைத் தட்டினால் போதும். தேதி உறுதி, ஆட்கள் அதிகம், சாமான் அதிகம் என்றால் மொத்த விலை லாபம். கடையில் எடுக்கும்போது தேதி மாற்ற எவ்வளவு, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், லீவு நாளில் யாருக்குக் கோல் எடுப்பது என்பதைக் கேட்டு, வாயால் சொல்வதைத் துண்டில் எழுதி வாங்குங்கள்.

மாமா எழுதி வாங்கினார். வெப்சைட்டில் பெயரையும் பார்த்தார், மகன் போனிலேயே. கிளம்பும்போது, "அப்ப அந்த 4,000த்துல ஒரு ஆயிரத்தக் கொறைங்க தம்பி, கணக்கத்தான் நீங்களே சொல்லிட்டீங்களே" என்றார். ஐந்நூறு குறைத்தேன்.